வாய், வயிறு, அடுப்பு

ஜெராக்ஸ் மெஷின் சர்வீஸுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தக் கடையில் மெஷின் இருமினாலும் முதலில் என் போன்தான் அடிக்கும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் வேறு எதை வைத்துப் பெருமைப்படுவது? இங்கிலீஷில் என் பெயரை எழுதச் சொன்னால் இன்றைக்கும் ஓர் எழுத்து கூடும், இல்லை குறையும். ஆனால் மூடியைத் திறக்காமல், ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். துறைமுகத்துக்குள் ஓர் ஆபீஸில் ஒருமுறை அப்படிச் சொன்னபோது, "பெரியவரே, மெஷின் இன்னும் போடவே இல்ல, அது ஏசி சத்தம்" என்றார்கள். போய்ப் பார்த்தால் ஏசியில் பேரிங் தேய்ந்துதான் இருந்தது.

எந்த ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்புவது என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது உங்கள் போனிலேயே வீடியோவாக வருகிறது. வீடியோவில் வராத ஒரு விஷயம் இருக்கிறது. கடைக்காரர் போனில் கத்துகிறார், பின்னால் நாலு பேர் கத்துகிறார்கள், நீங்கள் வேறு ஊரில் நிற்கிறீர்கள். அப்போது யார் வார்த்தையை நம்புவது, எதை விடுவது? அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் பாரிமுனைப் பக்கம் இருந்த ஒரு மெக்கானிக். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் போடவில்லை. கம்பெனிக்காரர்கள் மெஷினுக்குள் இருக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். இவர் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மூன்றே பெயர்களில் தொழில் நடத்தினார். பேப்பர் நுழைகிற இடம் வாய். டிரம் சுற்றுகிற இடம் வயிறு. கடைசியில் இருக்கிற சூட்டு உருளை அடுப்பு.

"ஜெராக்ஸ் மை மையே இல்லடா, மாவு," என்பார். "வயித்துல மாவு தடவுது. அடுப்புல வேவுது. வேவாத வரைக்கும் ஊதுனா பூடும். வெந்துட்சின்னா ஆண்டவனே வந்தாலும் போவாது. ரொட்டி சுடத் தெரிஞ்சவனுக்கு ஜெராக்ஸ் தெரியும்."

அவருக்கு ரொட்டி சுடத் தெரியாது. அது வேறு விஷயம்.

இந்த மூன்று பெயர்களையும் நான் என் கடைக்காரர்கள் எல்லோருக்கும் பரப்பினேன். அதனால் என் பகுதியில் போன் வந்தால் இப்படித்தான் வரும்: "அண்ணே, வாயிலயே மென்னுகினு கீது, முழுங்க மாட்டேங்குது." "வயித்துல சத்தம் வருதுண்ணே." கேட்டவுடன் எந்த சாமானைப் பையில் போடணும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் எல்லாக் கடைக்காரர்களும் அப்படி இல்லை. சிலர் நம்மிடமே நம் வார்த்தையைக் கற்றுக்கொண்டு நமக்கே வைத்தியம் சொல்வார்கள். இவர்களிடம்தான் எச்சரிக்கை வேண்டும். ராயபுரத்தில் ஒரு கடைக்காரர், நன்றாகப் பேசுவார், எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவரை சட்டைப் பையில் பேனா மாதிரி செருகியிருப்பார். ஒருநாள் போன் போட்டு, "டிரம் காலி, புதுசு எடுத்துகினு வா" என்றார். நானும் புது டிரம்மைத் தோளில் சுமந்துகொண்டு போனேன். கடையில் ஒரே ரகளை. எடுத்த காப்பி எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரு கறுப்பு வட்டம். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் என்று எதை வைத்தாலும் படத்தில் இருக்கிறவர் நெற்றியில் கச்சிதமாகப் பொட்டு.

மூடியைத் தூக்கினேன். கண்ணாடியில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைத்திருக்கிறார். வெளியே வைத்தால் கை பட்டு அழிந்துவிடும் என்று, பாதுகாப்பாக மூடிக்குக் கீழே கண்ணாடியில் வைத்திருக்கிறார்.

"ஏன்பா, தெனம் நூறு தபா மூடியத் தொறக்குற, இது கண்ணுல படல?"

"நீதான டிரம் போனா கறுப்பு விழும்னு சொன்ன?"

அந்த வாரம் அவர் கடையில் காப்பி எடுத்த ஒரு பாதிரியார் மட்டும் சிரித்துக்கொண்டே போனாராம். மற்றவர்கள் எல்லோரும் திரும்பி வந்து சண்டை போட்டார்கள். நான் டிரம்மைத் திரும்பத் தோளில் சுமந்துகொண்டு வந்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே சட்டம்தான். மெஷினுக்கு என்ன ஆச்சு என்று யாரையும் கேட்க மாட்டேன். கண்ணால் என்ன பார்க்கிறாய், அதைச் சொல் என்று கேட்பேன். அவர்கள் நினைப்பதில் நமக்கு வேலை இல்லை. பார்ப்பதில்தான் வேலை.

இந்தச் சட்டம் ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்றிய கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு நடந்தது.

திருவொற்றியூரில் கடற்கரைக் குப்பத்துக்குப் போகிற தெருவில் கன்னியம்மா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். மீன்பிடிக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லோரும் விசைப்படகில் போகிறவர்கள். எதிர்காற்றில் பேசிப் பழகிய வீடு என்பதால் அவளுக்கு மெதுவாகப் பேச வராது. அவள் போன் போட்டால் நான் காதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் பிடிப்பேன்.

அன்று நான் மாதவரம் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் மெஷினைப் பிரித்துப் போட்டிருந்தேன். போன் அடித்தது.

"அண்ணே! கரண்டு பூட்சிண்ணே!"

"கரண்டு போனா ஈபிக்குப் போன் போடும்மா. நான் இன்னா டிரான்ஸ்பார்மரா?"

"அது இல்லண்ணே, பேஜாராப் பூட்சி! உள்ள ஒண்ணு மாட்டிகிச்சி!"

"பதறாத. கையில இன்னா கீது, கண்ணுல இன்னா தெரியுது, ஒண்ணொண்ணா சொல்லு."

"கையில ஆதார் ஜெராக்ஸ் கீது. ஏழுமலை அண்ணாத்தது. முன்பக்கம் எட்த்துட்டேன். அதத் திருப்பி, பின்பக்கத்துக்கு உள்ள வுட்டேன் பாரு, அது…" சட்டென்று நின்றாள். "அது தோ என் கையிலயே கீதே!"

"அப்ப உள்ள போனது இன்னா?"

கன்னியம்மா பதறிப் பேப்பர்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. கூடவே பின்னால் ஒரு பெண் பிள்ளையின் குரல்.

"அக்கா… என் மார்க் ஷீட்டு எங்கக்கா?"

நடந்தது இதுதான். சடையங்குப்பத்திலிருந்து பவானி என்ற பெண், தன் தாய்மாமன் ஏழுமலையோடு வந்திருந்தாள். எண்ணூரில் ஒரு கண்டெய்னர் யார்டு ஆபீஸில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அன்று மத்தியானம் ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டினால் முடிந்தது. காட்டவில்லை என்றால் வரிசையில் அடுத்த ஆள் இருந்தார். பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டைக் காப்பி எடுத்துவிட்டுக் கன்னியம்மா மெஷின் மேலேயே வைத்தாள். பிறகு ஏழுமலையின் ஆதார். அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் எடுக்க அவள் மெஷினுக்குக் கையால்தான் ஊட்ட வேண்டும். முன்பக்கம் விழுந்த தாளைத் திருப்பி மெஷினின் பக்கவாட்டு வாயில் செருகணும். கண்ணாடி மேலுள்ள அட்டையையும் திருப்பி வைக்கணும். அப்புறம் பட்டன். செருகும் நேரத்தில் ஏழுமலை ஏதோ கேட்க, இவள் அந்தப் பக்கம் திரும்பிப் பதில் சொல்ல, கை மட்டும் தன் வேலையைப் பார்த்தது. பக்கத்தில் கிடந்த மார்க் ஷீட்டை எடுத்து வாயில் கொடுத்துவிட்டது. பட்டனை அழுத்தியாயிற்று. மெஷினும் இழுத்துக்கொண்டது. அந்த நொடியில் தெருவுக்கே கரண்டு போனது.

மற்ற தொழிலில் ஒரிஜினல் தொலையும், கிழியும். நம் தொழிலில் மட்டும்தான் ஒருவருடைய ஒரிஜினல் மேல் இன்னொருவருடைய ஆதாரை அச்சடித்துக் கொடுக்க முடியும்.

"மார்க் ஷீட்டு மேல மாமன் அட்ரஸு வந்தா எவன் ஒத்துப்பான்?" என்று பவானி அழுதாள். "வெள்ளத்துல தண்ணி பூந்தப்பகூட அம்மா இத தலையில வெச்சிகினு நின்னாங்கக்கா!"

"அழுவாதம்மா. நான் பிச்சி எட்த்துர்றேன்," இது ஏழுமலை.

"டேய், கையை எடு!" மாதவரத்தில் நான் கத்தியதில் அந்தக் கடைக்காரர் தன் கையை எடுத்துக்கொண்டார். "யாரும் பேப்பரத் தொடாதீங்க. கன்னிம்மா, மொதல்ல பிளக்கப் புடுங்கு."

"கரண்டே இல்லையேண்ணே, எதுக்குப் பிளக்கு?"

எதற்கு என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கரண்டு திரும்பி வந்தால் மெஷின் தானாக முழித்துக்கொள்ளும். முழித்தவுடன் தொண்டையில் எது நிற்கிறதோ அதை முன்னால் தள்ளிப் பார்க்கும். அடுப்பும் சூடாகும். வயிற்றில் வெறும் மாவாக ஒட்டியிருப்பது அடுப்பைத் தாண்டினால் வெந்துவிடும். அப்புறம் ஏழுமலையின் ஆதார் அந்த மார்க் ஷீட்டை விட்டுப் போகாது. கரண்டு போனதுதான் அந்தப் பெண்ணின் அதிர்ஷ்டம். திரும்பி வருவதுதான் ஆபத்து. அந்தத் தெருவே கரண்டு வரட்டும் என்று காத்திருக்க, வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தது நாங்கள் மட்டும்தான்.

"பிளக்கு எங்கம்மா?"

"பிளக்கு ஒடஞ்சி பூட்சி, சுவத்து சுவிட்சும் வேல செய்யல. ஒயரு ரெண்டையும் ஓட்டையில வுட்டு தீக்குச்சி செருகி வெச்சிகீது."

"மெஷின் சுவிட்சு?"

"அது போன ஐப்பசியிலயே உள்ள பூந்துட்சி. நீதான் 'வந்து பாக்குறேன், வந்து பாக்குறேன்'னுகினு கீற."

அதைப் பற்றிப் பேச இது நேரமில்லை என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

மெயின் சுவிட்ச் மாடியில். வீட்டுக்காரர் பூட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஒயரை யார் பிடுங்குவது என்று அங்கே பஞ்சாயத்து ஆரம்பித்தது.

"அண்ணாத்த, நீ ஆம்பள, நீ புடுங்கு."

"நான் தொட்ற நேரத்துல கரண்டு வந்துட்டா? எனக்கு ரெண்டு புள்ள கீது."

"எனக்கு மட்டும் இன்னா, கோழிக் குஞ்சா கீது? தள்ளு அந்தாண்ட!"

கன்னியம்மா ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, காய்ந்த தென்னந்துடைப்பத்தின் மரப்பிடியை மெஷினுக்குப் பின்னால் விட்டு ஒயரைக் கொக்கி போட்டு இழுத்தாள். வந்தது. கூடவே சுவரில் ஒரு துண்டும் வந்திருந்ததைப் பிறகு பார்த்தேன். அவள் "வந்துட்சிண்ணே" என்று சொல்லி முடிப்பதற்குள் போனில் தெருவே கூச்சல் போட்டது. கரண்டு வந்துவிட்டது. எல்லா வீட்டிலும் டிவி பேச ஆரம்பித்தது.

"மெஷின் ஓடுதா?"

"இல்லண்ணே. சோக்கா தூங்கினு கீது."

தம்பிகளே, இந்த இடத்தைக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எல்லோரும் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பேப்பரை மறந்துவிட்டுக் கரண்டைப் பார்த்தேன். இன்னும் கெடுக்கப் போவது எதுவோ, அதை முதலில் நிறுத்து. கெட்டுப்போனதை அப்புறம் பார்க்கலாம். முதலில் பேப்பரில் கை வைத்திருந்தால் பாதி வழியில் கரண்டு வந்து, பேப்பரும் போயிருக்கும், ஏழுமலையின் விரலும் போயிருக்கும்.

மாதவரம் மெஷினை அப்படியே பிரித்துப் போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். அந்தக் கடைக்காரர் "என் மெஷின்?" என்றார். "அது எங்கயும் போவாது, ஸ்க்ரூ எல்லாம் என் பையில கீது," என்று சொல்லிவிட்டுப் போனை ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு கிளம்பினேன். இது தப்பு, நீங்கள் செய்யாதீர்கள்.

மணலிக்கு வந்தால் கண்டெய்னர் லாரிகள் கோட்டைச் சுவர் மாதிரி வரிசை கட்டி நிற்கின்றன. ஸ்கூட்டர் போகக்கூட இடமில்லை. ஹெல்மெட்டுக்குள் கன்னியம்மா கத்துகிறாள். நானும் கத்தினேன்.

"பக்கத்துக் கதவத் தொற. தொறந்தியா? தலை எங்க கீது?"

"தலை அடுப்பாண்ட கீதுண்ணே!"

"உள்ள பூந்துட்சா?"

"லேசா பூந்துகீது!"

"அய்யய்யோ! அடுப்பு இன்னும் சூடாத்தான் இருக்கும். முன்னால இழுக்காத! வால் பக்கமா இழு! மெதுவா! பச்சைப் பிடியத் தூக்கினு ரெண்டு கையால இழு! வயித்தத் தொடாத!"

பக்கத்து லாரியில் ஏறி உட்கார்ந்திருந்த கிளீனர் எட்டிப் பார்த்தான்.

"பெர்சு, இன்னா ஆச்சு? யாரு தலை அடுப்புல மாட்டிகிச்சி?"

"சடையங்குப்பத்துப் பொண்ணு," என்றேன். என் நினைப்பு மார்க் ஷீட்டில் இருந்தது.

அவன் முகம் வெளுத்துப் போனது. உடனே இறங்கி ஓடினான். "ஓரங்கட்டு! ஓரங்கட்டு! ஒரு பொண்ணு தலை அடுப்புல கீது! பெர்சுக்கு வழி வுடு!" ஒரு லாரி பின்னால் போனது, இன்னொன்று மண்ணில் இறங்கியது. எனக்காக ஒரு பாதை திறந்தது. மந்திரி வந்தால்கூட அந்த ரோட்டில் அப்படி வழி கிடைத்திருக்காது. திருத்திச் சொல்ல எனக்கு நேரமில்லை, விருப்பமும் இல்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனேன். கிளீனர் பின்னாலிருந்து கத்தினான்: "தண்ணி ஊத்தச் சொல்லு பெர்சு!"

நடு வழியில் கன்னியம்மா சொன்னாள்: "வந்துட்சிண்ணே! கிழியல! மார்க்கு கீற பக்கம் சுத்தமா கீது. பின்பக்கம்தான் கறுப்பா கலீஜா கீது."

"தொடாத. தொடைக்காத. துணி படக் கூடாது, ஈரம் படக் கூடாது. ரெண்டு ஓரத்துல புடிச்சி, ஃபேன் இல்லாத எடத்துல வெச்சிகினு நில்லு. நான் வந்துர்றேன்."

எல்லாம் சரியாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். ஆனால் ஒரு சொல்லை விட்டிருந்தேன்.

தெருமுனையில் திரும்பினேன். கன்னியம்மா கடைக்குப் பக்கத்தில் ஒரு அயன் வண்டி நிற்கும். அதன் மேல் போர்வை விரித்து, போர்வை மேல் மார்க் ஷீட்டைப் படுக்க வைத்து, ஏழுமலை இரண்டு ஓரத்தையும் பக்தியோடு பிடித்துக்கொண்டிருந்தார். அயன்காரர் கரிப் பெட்டியைத் தூக்கிவிட்டார்.

ஏழுமலையைத் தப்பு சொல்ல முடியாது. சடையங்குப்பத்தில் வெள்ளம் வடிந்ததும் எல்லா வீட்டிலும் பட்டா, பத்திரம், மார்க் ஷீட் எல்லாவற்றையும் அயன் பண்ணித்தான் காய வைப்பார்கள். தலையில் வைத்தும் நனைந்துபோன அந்த மார்க் ஷீட்டையே பவானியின் அம்மா அப்படித்தான் காப்பாற்றியிருந்தார். இழுத்ததில் தாள் லேசாகச் சுருங்கியிருந்தது. சுருங்கிய தாளைக் கண்டால் அந்த ஊர்க்காரர் கை அயன் பெட்டியைத்தான் தேடும். வேகாத மாவின் மேல் அயன் பெட்டியை வைப்பதும் மெஷினின் அடுப்புக்குள் விடுவதும் ஒன்றுதான் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? சூடு படக் கூடாது என்பதைத்தான் நான் சொல்லாமல் விட்டிருந்தேன்.

ஸ்கூட்டரை நிறுத்தவில்லை, விட்டுவிட்டேன். அது தானாகப் போய்க் குப்பைத் தொட்டியில் சாய்ந்தது. நான் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே ஓடி, பெட்டிக்கும் தாளுக்கும் நடுவில் நீட்டினேன். பெட்டி ஹெல்மெட்டின் மேல் உட்கார்ந்தது. புஸ்ஸென்று புகை. போன் உள்ளேதான் இருந்தது. அதிலிருந்து கன்னியம்மாவின் குரல், கடைக்குள்ளிருந்தும் கன்னியம்மாவின் குரல்: "அண்ணே, எங்க கீற?"

"இன்னா சார், ஹெல்மெட்டு அயன் பண்ணணும்னா சொல்லிட்டுக் குடுக்கறதுதானே?" என்றார் அயன்காரர்.

கடைக்குள் தூக்கிக்கொண்டு போனோம். ஃபேனை நிறுத்தினேன். தாளைச் செங்குத்தாகப் பிடித்து, முன்பக்கத்தில் விரல் நுனியால் தட்டினேன். கறுப்பு மாவு பொலபொலவென்று உதிர்ந்தது. ஏழுமலையின் முகவரி வரி வரியாகத் தரையில் கொட்டியது. மிச்சத்தை என் பையில் இருக்கும் மெல்லிய பிரஷ்ஷால், குழந்தைக்குப் பவுடர் போடுவதுபோல் தள்ளினேன். அந்தப் புழுக்கத்தில் யாரும் மூச்சு விடவில்லை. கன்னியம்மா தன் முந்தானையால் என் நெற்றி வேர்வை தாளில் விழாமல் ஒற்றிக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டருக்குத்தான் இப்படிச் செய்வார்கள் என்று நினைக்கிறேன்.

தாள் வெளுத்துவிட்டது, ஓர் இடத்தைத் தவிர. அடுப்புக்குள் தலை நுழைந்திருந்த ஓரத்தில், விரல் அகலத்துக்கு வெந்துவிட்டது. முகவரியின் கடைசி வரி. சடையங்குப்பம் என்று ஊர் பெயர் மட்டும் பளிச்சென்று நின்றது.

"பிளேடால சொரண்டிடலாமா?" என்றார் ஏழுமலை.

இங்கேதான் தம்பிகளே, கை துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுத்தது. என்னைப் போல் பிளேடு பிடிக்க இந்தப் பகுதியில் ஆள் கிடையாது. ஆனாலும் வேண்டாம் என்றேன். சுரண்டினால் தாள் மெலிந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவனுக்கு, இங்கே எதையோ அழித்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். கறை இருந்தால் கேள்வி கேட்பார்கள். அழித்த அடையாளம் இருந்தால் கேள்வி கேட்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"அப்ப கம்முனு குடுத்துடட்டுமா?" என்று பவானி கேட்டாள். "பின்னால திருப்பிப் பாக்க மாட்டாங்க இல்ல?"

"நீயே திருப்பிக் காட்டு," என்றாள் கன்னியம்மா. அன்று முதல் தடவையாக மெதுவாகப் பேசினாள். "அவங்களா பாத்தா திருட்டுத்தனம். நீயா காட்டுனா ஆக்சிடண்ட்டு. கை என்னுது, தப்பு என்னுது. நானும் வர்றேன்." கடையை இழுத்து மூடினாள்.

எண்ணூர் யார்டு கேட்டில் நாங்கள் ஒரு கூட்டமாகப் போய் நின்றோம். பவானி கையில் மார்க் ஷீட். கன்னியம்மா கையில் பாதி மட்டும் எடுத்த ஆதார் காப்பி, சாட்சிக்கு. ஏழுமலை கையில் ஆதார் அட்டை, அவரும் சாட்சிக்கு. நான் சர்வீஸ் பையோடு, எக்ஸ்பர்ட்டாக. அயன்காரரும் வருகிறேன் என்றார், அவரைத் தடுத்துவிட்டோம். கேட்டில் இருந்தவர் பவானியை மட்டும் உள்ளே விட்டார். பாதி ஆதார் காப்பியை அவளிடம் கொடுத்தனுப்பினோம்.

வெளியே வெயிலில் நின்றோம். கண்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கன்னியம்மா எல்லை அம்மனுக்கு ஏதோ வேண்டிக்கொண்டாள். ஏழுமலை, "எல்லாம் என்னாலதான். நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா…" என்றார்.

"ஆமா, அப்ப இன்னா கேட்ட?" என்றேன்.

"பக்கத்துல டீக்கடை எங்க கீதுன்னு கேட்டேன்."

ரொம்ப நேரம் கழித்துப் பவானி வந்தாள். அழுதிருந்தாள். கன்னியம்மா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். அப்புறம்தான் அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

ஆபீசர் கேட்பதற்கு முன்பே அவள் தாளைத் திருப்பிக் காட்டியிருக்கிறாள். "இது என்னம்மா, பின்னாடி ஊர் பேரு?" என்றாராம். இவள் வாய், வயிறு, அடுப்பு எல்லாம் சொல்லி, பாதி ஆதார் காப்பியையும் பக்கத்தில் வைத்திருக்கிறாள். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உன் விண்ணப்பத்துல முகவரி என்ன?" என்று கேட்டாராம். சடையங்குப்பம் என்றாளாம். "அப்ப சரியாத்தானே இருக்கு," என்று கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

கன்னியம்மா அங்கேயே ஒரு சத்தம் போட்டாள். கேட்டில் இருந்தவர் விசிலை எடுத்துவிட்டார். ஏழுமலை எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். டீக்கடை எங்கே என்று இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை, அவரே கண்டுபிடித்தார்.

கன்னியம்மா மெஷினுக்கு மறுநாளே புதுப் பிளக்கும் புது சுவிட்சும் போட்டுக் கொடுத்தேன். மாதவரம் மெஷினையும் பூட்டினேன். ஒரு ஸ்க்ரூ மிச்சம் வந்தது, ஆனால் மெஷின் முன்னைவிட நன்றாக ஓடுகிறது என்று அந்தக் கடைக்காரரே சொன்னார். பிறகு நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஹெல்மெட்டை மட்டும் தூக்கிப் போடவில்லை. உச்சியில் அயன் பெட்டியின் முனை அச்சாகப் பதிந்திருக்கிறது. யார் கேட்டாலும் கதை சொல்கிறேன். யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

போன மாதம் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"அண்ணா, நான் பவானி. யார்டு ஆபீஸ்லர்ந்து பேசறேன். மெஷின்ல மாட்டிகிச்சிண்ணா."

நான் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "தலை அடுப்புக்குப் போவல. வயித்துலயே நின்னுட்சி. பிளக்கப் புடுங்கிட்டேன். ஃபேன நிறுத்திட்டேன். யாரையும் தொட விடல."

சோற்றுக் கையோடு எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை பேருக்கு வேலை கற்றுக்கொடுத்திருக்கிறேன், ஒருவன்கூட இவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை.

"அப்புறம் இன்னாம்மா? வால் பக்கமா இழுத்து, தட்டி எடுத்துடு. நீயே பண்ணிடுவ. உள்ள போனது யாருது?"

"எங்க மேனேஜர் சாரோட டிகிரி சர்ட்டிபிகேட்டு. இழுத்து வெளிய எட்த்துட்டேன்ணா, ஆனா லேசா சுருங்கிகீது. நான் தட்டறதுக்குள்ள சார் அதப் புடுங்கிகினு போய்ட்டாரு."

"எங்க போய்ட்டாரு?"

"அயன் வண்டி எங்க கீதுன்னு கேட்டுகினே போறாருண்ணா!"

"ஓடும்மா! புடி அவர!"

மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா மாமா, ரிட்டையர் ஆயிட்டேன்னு சொன்னீங்க?" என்றாள்.

நான் கையைக் கழுவாமலே ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.